பொன்னாடை யாருக்கு?

கணியம்பாடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இஷாத் தொழுகைக்குப் பின் கூடுவது சிறு கூட்டம். என் தாய்மாமன் வருவார். தோல் மண்டியில் கணக்கெழுதி ஓய்ந்தவர், எண்பதை நெருங்குகிறார். தங்கை மகன் ஆம்பூரில் காலணித் தொழிற்சாலையிலிருந்து திரும்பும் வழியில் இறங்கிக்கொள்வான். என் மகன் இருப்பான். நாட்டு நடப்பு, மழை, தோல் விலை என்று பேச்சு ஓடும். பத்து மணிக்குக் கலையும். ஆனால் சென்ற ஜூலை 29ஆம் நாள் இரவு அக்கூட்டம் பன்னிரண்டு மணிவரை கலையவில்லை. காரணம், கால்பந்து.

அந்நாளைக் கல்கத்தாவின் மோகன் பகான் சங்கத்தார் தங்கள் திருநாளாகக் கொண்டாடுகின்றனர். 1911ஆம் ஆண்டு அதே நாளில் அவர்கள் ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தை 2–1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றினர். அன்று ஆடிய பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலர் என்பது பலர் அறிந்த செய்தி. 2001 முதல் அச்சங்கம் தன் பழைய ஆட்டக்காரருக்கு ‘மோகன் பகான் ரத்னா’ என்னும் மேலான விருதினை அந்நாளில் அளித்து வருகிறது. முதல் விருது சைலேன் மன்னாவுக்கு. 1951இல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் குழுவின் தலைவர் அவர். மருமகன் இச்செய்தியைக் கைப்பேசியில் படித்துவிட்டு, ஒரு கேள்வியைத் திண்ணையில் போட்டான்:

“மாமா, இதே மாதிரி நம்ம முஹம்மடன் ஸ்போர்ட்டிங்கின் பழைய ஆளுங்களிலே ஒருத்தருக்குத்தான் பெரிய பட்டம்னா, யாருக்குக் கொடுப்பீங்க?”

‘நம்ம’ என்று அவன் சொன்னதைக் கேட்டு வெளியூரார் நகைக்கக்கூடும். கல்கத்தாவில் 1891இல் தொடங்கிய சங்கத்துக்கும் பாலாற்றங்கரைத் தோல் சீமைக்கும் என்ன உறவு? உறவு தோலால் வந்தது. என் தாய்வழிப் பாட்டனார், நாங்கள் நன்னா என்று அழைத்தவர், பச்சைத் தோல் வாங்குவதற்காக முதலாளியால் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டு 1930களில் சில ஆண்டுகள் அங்கேயே தங்கியிருந்தவர். பகலில் தோல் பேரம், மாலையில் மைதானம். அனுமதிச் சீட்டு வாங்கக் காசில்லாத நாளில் கோட்டை மேட்டுச் சரிவில் நின்று ஆட்டம் பார்த்ததாகச் சொல்வார். நான் சிறுவனாயிருந்த காலத்தில், நபிமார்கள் வரலாற்றுக்கு அடுத்தபடியாக அவர் வாயிலிருந்து நான் மிகுதியாகக் கேட்டது அந்தப் பதினொருவர் வரலாறே. அப்பாஸ் மிர்ஸா, ஹாஃபிஸ் ரஷீத், ஸலீம், ரஹீம், ரஹ்மத், ஜும்மா கான், நூர் முஹம்மது என்று அவர் அடுக்கும்போது, மதரஸாவில் நாங்கள் அறிவிப்பாளர் தொடரை ஒப்புவிப்பது போலவே இருக்கும்.

அவர்கள் செய்தது சிறிய காரியமன்று. கல்கத்தா லீக் 1898இல் தொடங்கியது. அன்று முதல் முப்பத்தாறு ஆண்டுகள் வெள்ளையர் குழுக்களைத் தவிர வேறெவரும் அதனை வென்றதில்லை. முஹம்மடன் ஸ்போர்ட்டிங் 1934இல் முதற்பிரிவுக்கு ஏறியது. ஏறிய அவ்வாண்டிலேயே வென்றது. 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து வென்றது. இடையில் 1936இல் ஐ.எஃப்.ஏ. கேடயமும் கிட்டியது. 1940 டிசம்பர் 12ஆம் நாள் டில்லியில் இர்வின் ஆம்பிதியேட்டர் அரங்கில் ராயல் வார்விக்ஷயர் பட்டாளத்தை 2–1 என்று வென்று டூராண்டுக் கோப்பையையும் எடுத்தது. 1888இல் தொடங்கிய அக்கோப்பையை அதற்கு முன் எந்த இந்தியக் குழுவும் தொட்டதில்லை.

மாமனுக்கு ஐயமே இல்லை. “ஹாஃபிஸ் ரஷீதுக்குத்தான்” என்றார். “டூராண்டு இறுதியிலே கோல் போட்டவர்லே ஒருத்தர் அவர், இன்னொருத்தர் ஸாபு. கோல் போட்டவனுக்குப் பட்டம் இல்லேன்னா வேறே யாருக்கு? எங்க அத்தா அவர் ஆட்டத்தைக் கண்ணாலே பார்த்தவங்க.”

மருமகன் ஒப்பவில்லை. அவன் காலணித் தொழிலாளி. அவன் வாதம் காலிலிருந்து பிறந்தது. “அந்த ஜெயத்துக்குக் காரணம் பூட்ஸ், மாமா” என்றான். கல்கத்தாவில் கால்பந்துப் பருவம் மழைப் பருவம். காய்ந்த தரையில் வெறுங்காலர் வேகமாக ஆடுவர். மழை பெய்தால் களிமண்ணில் வழுக்குவர், காலணி அணிந்த வெள்ளையர் வெல்வர். ஆண்டுதோறும் இதுவே கதை. இதனை மாற்ற எண்ணிய சி. ஏ. அஜீஸ் என்னும் நிர்வாகி, ஈரத் தரையில் முஹம்மடன் ஆட்டக்காரரும் காலணி அணிந்து ஆடும்படி பழக்கினார். அடியட்டையில் தோற்குமிழ்களை ஆணியால் அறைந்த கனத்த காலணி அது. பந்தும் தோல்தான், மழையில் நனைந்து நீர் குடித்தால் கல்லாய்க் கனக்கும். பட்டையிட்டுப் பதனிட்ட தோல் எவ்வளவு நீர் குடிக்கும் என்பதை எங்கள் ஊரில் பச்சைக் குழந்தையும் அறியும். “அந்தப் பந்தை வெறுங்காலாலே உதைக்கச் சொல்லுங்க பார்ப்போம். பூட்ஸ் போட வைச்ச அஜீஸுக்குத்தான் பட்டம்” என்று முடித்தான்.

“அவன் ஆடவே இல்லையேடா!” என்று மாமன் சினந்தார். நிர்வாகிக்கு ‘ஆட்டக்காரர்’ பட்டம் கொடுப்பது முஅத்தினுக்கு இமாமத் கொடுப்பது போலாகும் என்பது அவர் கட்சி. (இதில் முஅத்தின்களின் மனம் புண்படுமென்று அவர் எண்ணவில்லை.)

ஆடாதவருக்கும் உண்டென்றால் என் மனம் ஒருவரை நோக்கி ஓடியது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஹைதராபாத் ஸையித் அப்துர் ரஹீம்! தொழிலால் பள்ளி ஆசிரியர். 1951, 1962 ஆகிய இரு ஆசிய விளையாட்டுகளிலும் இந்தியாவுக்குத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் என்று பெற்றுத் தந்த பயிற்சியாளர். இரண்டாவது தங்கத்தின் போதே புற்றுநோய் அவர்களைத் தின்றுகொண்டிருந்தது. மறு ஆண்டு ஜூனில் காலமானார்கள். ஆசிரியர் இனத்துக்கு அதைவிடப் பெருமை ஏது? ஆனால் அவர்கள் முஹம்மடன் சங்கத்தவர் அல்லர் என்று என் மகன் வாயடைத்துவிட்டான். வழக்கின் எல்லைக்குள் நின்று வாதிட வேண்டுமன்றோ.

இவ்விடத்தில் என்னை நடுவராக்கினார்கள். “ஹதீஸ் கலையிலே ஆளை எடை போடுறதுதானே உங்களுக்குப் பாடம், நீங்களே சொல்லுங்க” என்றார் மாமன். அவர் கேலியாகச் சொன்னாலும் சொன்னதில் உண்மை உண்டு. ‘அல்ஜர்ஹு வத்தஃதீல்’ என்னும் கலை மனிதரைத் தரம் பிரிப்பதே. இமாம் இப்னு ஹஜர் அஸ்கலானி (ரஹ்) அவர்கள் ‘தக்ரீபுத் தஹ்தீப்’ என்னும் நூலில் அறிவிப்பாளர்களைப் பன்னிரண்டு படிகளில் நிறுத்தினார்கள். ஸஹாபாக்கள் தலைப்படி, பொய்யர் கடைப்படி. அக்கலையில் ஒரு நுட்பமான விதியும் உண்டு: ஒரே காலத்தில் ஒரே துறையில் இருந்த இருவர் ஒருவரையொருவர் குறைகூறினால் அக்குறையை எளிதில் ஏற்பதில்லை. பொறாமை கலந்திருக்கும் என்ற அச்சம். மோகன் பகான் அபிமானி முஹம்மடன் ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்வதும், இவர் அவரைப் பற்றிச் சொல்வதும் அந்த விதியின் கீழே வரும். ஆனால் அபிமானி தன் ஆளைப் புகழ்வதற்கும் இதே எச்சரிக்கை வேண்டும். நன்னாவின் சாட்சியம் எனக்கு எவ்வளவு இனியதோ அவ்வளவுக்கு அதனை நான் சந்தேகிக்கக் கடமைப்பட்டவன்.

முந்தியவருக்கு முதன்மை தருவதா, எல்லாரையும் சமமாக்குவதா என்னும் வழக்கும் நமக்குப் புதியதன்று. அபூபக்கர் (ரலி) அவர்கள் பொதுநிதியை எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டார்கள். இஸ்லாத்தில் முந்தியவர்க்குக் கூட்டிக் கொடுக்க வேண்டாமா என்று கேட்கப்பட்டபோது, முந்தியதற்கான கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது, இதுவோ வயிற்றுப்பாடு, இதில் சமமே நன்று என்னும் கருத்தில் விடையிறுத்தார்கள். உமர் (ரலி) அவர்கள் வேறுவிதமாகக் கருதினார்கள். ஹிஜ்ரி 20இல் திவான் ஏற்படுத்தி, பத்ருப் போரில் நின்றவர் முதலாக வரிசை வகுத்தார்கள். அவ்வரிசையில் தம் சொந்த மகன் அப்துல்லாஹ்வைவிட உஸாமா இப்னு ஸைத் (ரலி) அவர்களுக்குக் கூடுதலாக எழுதினார்கள். மகன் காரணம் கேட்டபோது, உஸாமாவின் தந்தை உன் தந்தையைவிட நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பிரியமானவராயிருந்தார் என்ற பொருளில் பதில் வந்தது. ஆயினும் பிற்காலத்தில், ஆயுள் நீடித்தால் எல்லாரையும் சமமாக்கி விடுவேன் என்று எண்ணினார்கள் என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. உமர் (ரலி) அவர்களையே இருமனப்படுத்திய பிரச்சினை அது. திண்ணை நடுவனாகிய நான் எம்மாத்திரம்!

ஆகவே நான் தீர்ப்புச் சொல்லாமல், ஸலீமின் வரலாற்றைச் சொன்னேன்.

முஹம்மது ஸலீம் 1904இல் கல்கத்தாவில் பிறந்தவர். வலது ஓர ஆட்டக்காரர். 1936இல் உறவினர் ஒருவர் தூண்டுதலால் கப்பலேறி ஸ்காட்லாந்து சென்று, கிளாஸ்கோ நகரின் புகழ்பெற்ற செல்டிக் சங்கத்தின் வாசலில் நின்றார். வெறுங்காலால் ஆடுபவர் என்றறிந்து வியந்தனர், ஆடவிட்டுப் பார்த்தனர், சேர்த்துக்கொண்டனர். பாதங்களில் வெறும் துணிக்கட்டுடன் அவர் ஆடிய இரு ஆட்டங்களில் செல்டிக் ஹாமில்டன் குழுவை 5–1 என்றும், கால்ஸ்டன் குழுவை 7–1 என்றும் வென்றது. அங்குள்ள செய்தித்தாள்கள் அவரைக் கால்வித்தைக்காரர் என்று புகழ்ந்தன. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து சென்று ஐரோப்பியச் சங்கம் ஒன்றுக்கு ஆடியவரில் முதல்வர் அவரே என்பர். ஊர் நினைவு வாட்டவே திரும்பிவிட்டார். அவர் பொருட்டு ஓர் ஆட்டம் நடத்தி வசூலில் நூற்றுக்கு 5 விழுக்காடு தருவதாகச் சங்கம் சொன்னபோது, அதனை அநாதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார் என்று அவர் மகன் ரஷீத் பின்னாளில் கூறியிருக்கிறார்.

பின்னாளில் ஸலீம் முதுமையால் நோயுற்றுக் கிடந்தார். மகன் செல்டிக் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். தந்தை நோயுற்றிருக்கிறார், மருத்துவத்துக்குப் பணம் வேண்டும் என்று. பணம் பெறுவது அவர் எண்ணமன்று. தம் தந்தையின் பெயர் அங்கே இன்னும் நினைவில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவே எழுதினார். சில நாளில் பதில் வந்தது. உள்ளே 100 பவுனுக்கு ஒரு வங்கிக் காசோலை. மகன் அதனைப் பணமாக்கவேயில்லை. அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். 1980இல் ஸலீம் இறையடி சேர்ந்தார்.

திண்ணையில் சற்று நேரம் பேச்சில்லை. மாமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “அப்படீன்னா ஸலீமுக்கே கொடுத்துடலாம்” என்றார். ஹாஃபிஸ் ரஷீதை அவ்வளவு சுலபமாக அவர் விட்டுக்கொடுப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மருமகன் மட்டும், வெறுங்காலருக்குப் பட்டம் கொடுத்தால் ஆம்பூர் தொழிற்சாலை என்ன ஆவது என்று முணுமுணுத்தான்.

அப்போதுதான் என் மகன் ஒன்று கேட்டான். “அத்தா, இவ்வளவு பேரைச் சொன்னீங்க. கோல் காத்தது யாரு?”

உஸ்மான் ஜான் என்று நான் விடை சொன்னேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன். இரண்டு மணிநேர வழக்கில் அப்பெயரை எங்களில் ஒருவரும் எடுக்கவில்லை. நன்னாவின் வரிசையிலும் அது கடைசியில்தான் வரும், சில நாள் வராமலும் போகும். மோகன் பகானிலும் இதுவே நிலை போலும். 1977 செப்டம்பரில் ஈடன் கார்டன்ஸில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் குழுவுக்கு எதிரே மோகன் பகான் 2–2 என்று சமன் செய்தபோது கோல் காத்தவர் ஷிபாஜி பானர்ஜி. அவர் 2017இல் காலமானார். அவருக்கு ரத்னா கிடைத்தது 2021இல். அதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

மகன் அறியாமல் கேட்ட கேள்வி எனக்கு வேறிடத்தில் தைத்தது. அதனைச் சொல்லாமல் இக்கட்டுரையை நான் முடிக்க இயலாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கால்பந்துக் குழுவினர் ஆண்டு விழாவில் பழைய ஆட்டக்காரர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்த விரும்பி, ஆளைத் தேர்ந்தெடுக்க மூவரை நியமித்தனர். அம்மூவரில் நானும் ஒருவன். நாங்கள் கால்மணி நேரத்தில் தேர்ந்து முடித்தோம். நிறைய கோல் போட்டவர், பின் வளைகுடா சென்று பொருளீட்டியவர், குழுவுக்குச் சட்டைகள் வாங்கிக் கொடுத்தவர். தகுதியற்றவர் என்று நான் சொல்லமாட்டேன், அவர் தகுதியுள்ளவரே. ஆனால் அதே காலத்தில் பதினெட்டு ஆண்டுகள் எங்கள் ஊருக்குக் கோல் காத்தவர் ஒருவர் இருக்கிறார். தோல் பதனிடும் இடத்தில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். மயிர் கழலத் தோலை ஊறவைக்கும் குழி அது. கைவிரல் தோல் வெடித்து உரியும். அந்தக் கையோடு மாலையில் வந்து பந்தைப் பிடிப்பார். நான் பத்து வயதில் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று, வெளியே போகும் பந்தை எடுத்துக் கொடுத்தது அவருக்குத்தான். விழாவுக்கு அவரும் வந்திருந்தார்; கடைசி வரிசையில் அமர்ந்து கைதட்டினார். அறிவிப்பாளர் கலையின் சொல்லில் அவர் ‘ஸிகா’, நம்பகமானவர். அதனை மேடையில் சொல்லியிருக்க வேண்டியவன், பொன்னாடை போர்த்தப்பட்டவரின் கோல் கணக்கை அழகு தமிழில் வருணித்துக்கொண்டிருந்தேன்.

திண்ணை வழக்கு முடிந்த மறுநாள் அஸருக்குப் பின் வேலூர் சென்று ஒரு சால்வை வாங்கி, மறுநாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் கட்டிலில் அமர்ந்திருந்தார். என்னைக் கண்டு எழ முயன்றார். நான் தடுத்து அருகில் அமர்ந்தேன். சால்வையைத் தோளில் போட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். தோலின் தரம் பார்ப்பவர் போல. விரல்கள் மூன்று கோணலாயிருந்தன. பிறகு மெதுவாகக் கேட்டார்:

“ஹஸ்ரத், ஒண்ணு கேக்கலாமா? அன்னிக்கு விழாவுக்கு ஆள் பாக்குறப்போ, என் பேரு வந்துச்சா?”

கிளாஸ்கோவுக்கு எழுதப்பட்ட கடிதம் என் கையில் கொடுக்கப்பட்டது போலிருந்தது. வந்தது என்று சொல்ல நா எழுந்தது. அவர் மகிழ்வார், எனக்கும் எளிது. முப்பது ஆண்டுகளாகப் பொய்யரின் படி கடைப்படி என்று பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன நா அது.

“வரவில்லை” என்றேன். “நான் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.”

அவர் சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின் உள்ளே திரும்பி, “ஹஸ்ரத்துக்குத் தேத்தண்ணி கொண்டாம்மா” என்று பேத்தியிடம் குரல் கொடுத்தார். தேநீர் வந்தது. குடித்துக்கொண்டிருக்கையில், வேலூரிலிருந்து வந்த ஒரு குழுவோடு எங்கள் ஊர் ஆடிய ஓர் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் பெனால்ட்டி உதை. உதைக்க வந்தவன் இடக்காலன் என்பதை அவன் செருப்பின் தேய்மானத்தைப் பார்த்து முன்பே அறிந்துவைத்திருந்தாராம். எந்தப் பக்கம் பாய்ந்தார், எந்தக் கை பந்தைத் தொட்டது என்று சால்வை நழுவ எழுந்து நின்று காட்டினார். பந்து பட்டு முறிந்த விரல் எது என்றும் காட்டினார். மஃரிபுக்கு பாங்கு சொல்லும்வரை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.